சங்குமுனையில் கரையேறிய தங்கிரேதுகள்

தெக்கிலா முழங்கால் தண்ணீரில் நின்று, தன் மகளுக்கு வைக்கப்போகும் பெயரைக் கடலைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு வந்த மறுநாள் காலையில், அந்தப் பெயரோடு எந்தக் காலத்திலோ எந்தத் தேசத்திலோ வாழ்ந்து, பேரும் புகழும் வாங்கிச் செத்துப்போன ஆண்கள் எல்லாரும், கோவில் பூசையில் நன்மை வாங்க வரிசையில் வருகிறவர்களைப் போல ஒருவர் பின் ஒருவராக அலையை விலக்கிக்கொண்டு சங்குமுனைக் கரையில் ஏறினார்கள். அவர்களை முதலில் பார்த்தவர்கள் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த பெண்கள். அந்தப் பெண்கள் அவர்களிடம் பேசிய முதல் பேச்சு, "வலைய மிதிச்சிராதிய, சுத்திப் போங்க" என்பதுதான்.

சுற்றித்தான் போனார்கள். அங்கியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிஷப்பாக இருந்த ஒரு மேற்றிராணியார், மார்பில் இரும்புக் கவசம் போட்ட ஒரு படைத்தலைவர், கோவில் மணி வார்க்கிறவர், பிரபு வீட்டுச் சமையல்காரர், அரசவையில் பாடுகிறவர், தோளில் சைக்கிளைத் தூக்கிச் சுமந்துகொண்டு பந்தயக்காரர் ஒருவர், அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஒரு கும்பல். கடலுக்குள்ளிருந்து வந்தவர்கள்தான், ஆனால் ஒருவர் மேலும் சொட்டு ஈரம் இல்லை. கரையில் ஏறி நின்று எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்னைக் கூப்பிட்டது யார்?"

அந்தப் பெயர் தங்கிரேது. இத்தாலி தேசத்துப் பழைய பெயர். அங்கே அதை எப்படி உச்சரிப்பார்களோ, சங்குமுனைக்காரர்கள் வாய்க்குள் புகுந்து வெளியே வந்தபோது தங்கிரேது ஆகிவிட்டது. கப்பல் உடைந்து இந்தக் கரையில் ஒதுங்கிய ஒரு சாமியார், மோத்தா வீட்டுக் கஞ்சியைக் குடித்து உயிர் பிழைத்து, அந்த வீட்டில் அப்போது பிறந்திருந்த பிள்ளைக்குத் தன் பெயரையே வைத்து ஞானஸ்நானம் கொடுத்தாராம். அன்றிலிருந்து மோத்தா வீட்டில் தலைமுறைக்கு ஒரு தங்கிரேது. கடைசித் தங்கிரேது, தெக்கிலாவின் புருசன்.

அவன் பேர்போனவன் இல்லை. பெரிய மீன் எதையும் பிடித்ததில்லை, யாரையும் கடலிலிருந்து காப்பாற்றியதில்லை, சண்டையில் யார் மண்டையையும் உடைத்ததில்லை. அடுத்த ஊரில் போய்த் தங்கிரேதைத் தெரியுமா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். சலமோன் மோத்தாவின் மகன் என்று சொன்னால்தான் தலையாட்டுவார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் சிங்கி இறால் வலையை எடுத்து வருகிறேன் என்று தனியாகப் போனான். வள்ளம் திரும்பி வந்தது, வலை வந்தது, அவன் வரவில்லை. தெக்கிலாவுக்கு அப்போது நிறைமாதம்.

சங்குமுனையில் பிள்ளை பிறந்தால் கோவிலுக்குச் சொல்வதற்கு முன்னால் கடலுக்குச் சொல்ல வேண்டும். தகப்பன் வீட்டு ஆள் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று, வீட்டுப் பெயரையும் தகப்பன் பெயரையும் முதலில் சொல்லி, அதற்குப் பிறகு பிள்ளையின் பெயரைக் கூப்பிடுவார். நாளைக்கு இந்தப் பிள்ளை தண்ணீரில் இறங்கும்போது யார் எவர் என்று தெரியாமல் கடல் கைவைத்துவிடக் கூடாது அல்லவா? ஆனால் உடம்பு கரை சேராமல் போனவனின் பெயர் மட்டும் கடலுக்குச் சொந்தம். அவன் சட்டையை ஒரு பெட்டியில் வைத்து அடக்கம் செய்வார்கள். அத்தோடு அந்தப் பெயரும் அடக்கம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதில்லை, கூப்பிடுவதும் இல்லை.

"ஏளா, போனவன் பேரு நமக்கு ஆகாது. அதுவும் பொட்டப் பிள்ளைக்கு ஆம்பள பேரு. ஊரு சிரிக்கும்" என்றார் மாமனார் சலமோன் மோத்தா. மகன் போனதிலிருந்து அவர் யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசுவதில்லை. கயிற்றையோ சுவரையோ பார்த்துத்தான் பேசுவார்.

"சிரிக்கட்டும் மாமா. சட்டையப் பொதைக்கிறது உங்க இஷ்டம். பேரப் பொதைக்க நான் விடமாட்டேன்."

"எங்க வீட்டுப் பேரச் சேத்து நீ கடல்ல போயிக் கூப்பிட்டேன்னா, அப்புறம் நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

"சேக்கல. வெறும் பேரையே கூப்பிட்டுக்கிடுதேன்."

வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. போனாள், பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வெறும் பெயரைக் கூப்பிட்டாள். விலாசம் இல்லாத தபால் மாதிரி அது எங்கெங்கே போய்ச் சேரும் என்று அவள் யோசிக்கவில்லை. பிள்ளைக்காகத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கூப்பிடக் கூப்பிட, வாசலில் நின்றுகொண்டு சாப்பிட வராத புருசனைக் கூப்பிடுகிற குரல் அவளுக்கு வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் கூப்பிட்டாள். அந்தக் குரல் கேட்டுத்தான் அத்தனை பேரும் எழுந்து வந்திருந்தார்கள்.

ஊர்க்கமிட்டி உடனே கூடியது. செத்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கே படுப்பார்கள் என்பதுதான் பேச்சு. தலைவர் கஸ்பார் வாஸ், "கர ஒதுங்குனவங்களத் திருப்பி அனுப்புத பழக்கம் நம்மகிட்ட கெடையாது" என்றார்.  வலைக்கூடத்தில் பாய் விரித்தார்கள், பள்ளிக்கூடத்தில் விரித்தார்கள், மேற்றிராணியாருக்கு மட்டும் பங்குச் சாமி ஜெரோம் தன் கட்டிலைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தூக்கமில்லாமல் தவித்தார். நூற்றாண்டுகளுக்கு முன்னால் செத்துப்போன மேற்றிராணியாருக்கு இன்றைக்குப் பதவி உண்டா இல்லையா, பூசையை யார் வைப்பது, பிரசங்கம் யார் செய்வது? கடைசியில் பூசை ஜெரோம் சாமிக்கு, ஆசீர்வாதம் மேற்றிராணியாருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் முதலில் தங்கள் பெருமையைச் சொல்லித்தான் அறிமுகமானார்கள். படைத்தலைவர் தான் பிடித்த கோட்டைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். மணி வார்க்கிறவர், தன் மணி அடித்தால் மூன்று நாட்டு எல்லைக்குள் மழை பெய்யும் என்றார். முன்பு கப்பல் உடைந்து வந்த அந்தப் பழைய சாமியாரும் கூட்டத்தில் இருந்ததால் மொழிபெயர்க்க ஆள் கிடைத்தது; ஆனால் அவர் பேசிய தமிழ் அவர் செத்த காலத்துத் தமிழ். "இன்னார் பன்னிரு கோட்டைகளை அடர்த்தருளினார்" என்று அவர் சொல்லி முடித்ததும், கேட்டுக்கொண்டிருந்த பெண்கள், "அப்படியா, நல்லது. சோறு தின்னியளா?" என்பார்கள். உலகமே அறிந்த தங்களை இங்கே ஒரு குஞ்சுக்கும் தெரியவில்லை என்பதில் அவர்களுக்கு முகம் செத்துவிட்டது. இரண்டு நாள் யாரோடும் பேசாமல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அலுத்துப்போய் வேலைக்கு இறங்கினார்கள். படைத்தலைவருக்குத் தோள் பலம் என்பதால் வள்ளம் தள்ள நிறுத்தினார்கள். கவசத்தைக் கழற்றச் சொன்னதற்குத்தான் ஒரு நாள் வாக்குவாதம் நடந்தது. சமையல்காரர் தன் காலத்தில் தக்காளியையும் மிளகாயையும் பார்த்ததில்லையாம்; முதல் நாள் குழம்பைக் குடித்துவிட்டு அழுதார், மறுநாள் அம்மி யாருடையது என்று விசாரித்தார். பாடகரை மீன் ஏலம் போட நிறுத்தினால், பாட்டு முடியட்டும் என்று வியாபாரிகள் நின்றதில் மீன் வாடிப்போனது, அவரை மரியாதையாக வீட்டுக்கு அனுப்பினார்கள். மணி வார்க்கிறவர் கோவில் கோபுரத்தில் ஏறி மணியைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார், என்ன குறை என்று எவ்வளவு கேட்டும் சொல்ல மறுத்துவிட்டார். சைக்கிள்காரர் மீன் விற்கும் எலிசம்மாவின் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு மிதித்தார். தமிழை முதலில் பிடித்துக்கொண்டவரும் அவர்தான், அதனால் அவருடைய தமிழ் முழுக்க எலிசம்மாவின் தமிழாக இருந்தது.

எல்லாம் சரிதான், தண்ணீர்தான் இடித்தது. செத்தவர்களுக்குத் தாகம் எடுக்காது என்று நினைத்திருந்தார்கள். நூற்றாண்டுக் கணக்காகச் சேர்த்து வைத்திருந்த தாகத்தோடு வந்திருந்தார்கள் அவர்கள். லாரித் தண்ணீர் வந்த சூட்டோடு தீர்ந்துபோனது, குடத்துக்குக் குடம் சண்டை வந்தது, சண்டைகள் எல்லாம் கடைசியில் தெக்கிலாவின் வாசலில் வந்து நின்றன.

"எம்மா, நீ கூப்பிட்டுத்தான வந்தாவ. நீயே போகச் சொல்லு" என்றாள் எலிசம்மா.

தெக்கிலா சொல்லாமல் இருந்தாளா? முதல் நாளே சொல்லிவிட்டாள். "நான் உங்க யாரையும் கூப்பிடல. எம் புருசனக் கூப்பிட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள். அதற்குப் பழைய சாமியார் சங்கடத்தோடு தாடியைத் தடவிக்கொண்டு பதில் சொன்னார்.

"மகளே, நீ விளித்தது எவரையோ அவர் உன் எதிரே வந்து நின்று, அவர் முகம் நோக்கி உம்மையே விளித்தேன் என்று நீ உரைக்குமளவும் எமக்குத் திரும்பும் வழி இல்லை. உரைத்தக்கால் அவருடன் நாமனைவரும் போவோம்."

"அவரும் போயிருவாரா?"

"அவரும்."

"அவரு வரலைன்னா?"

"அப்பெயரை அடக்கம் செய்வீர்களாயின் அழைப்பு அவிந்துபோம். அக்காலையும் நாம் போவோம்."

கமிட்டிக்கு இந்தக் கடைசிப் பேச்சு போதுமானதாக இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சட்டையை அடக்கம் செய்துவிடுவது என்று முடிவானது. யாருக்கும் தெக்கிலா மேல் கோபம் இல்லை. ஆனால் தண்ணீர் இல்லாத ஊரில் இரக்கம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? சலமோன் மோத்தா தச்சரிடம் சொல்லிப் பெட்டியே செய்துவிட்டார். அதைக் கொண்டுவந்து வைத்த அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

எங்கோ பனிமலைகளுக்கு அந்தப் பக்கம் செத்தவனுக்கெல்லாம் கேட்ட குரல், இதோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் போன தன் புருசனுக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போனது? தெக்கிலாவுக்கு இது ஆறவே இல்லை. சைக்கிள்காரரிடம்தான் கேட்டாள். அவர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டே சொன்னார்.

"கேட்டிருக்கும் தாயி. கேட்டு என்ன செய்ய? ஏறி வரதுக்குப் பிடி வேணும்லா? எங்களப் பத்தி அங்க ஆளுக சொல்லிக்கிட்டே இருக்காவ. கல்லுல வெட்டிருக்காவ, சன்னல் கண்ணாடில வரஞ்சிருக்காவ, எனக்குன்னு வருசா வருசம் ஒரு சைக்கிள் பந்தயம் வைக்காவ. அதப் பிடிச்சிக்கிட்டுத்தான் வந்தோம். ஒம் புருசனப் பத்தி யாரு என்ன சொல்லுதா?"

தெக்கிலா யோசித்துப் பார்த்தாள். உண்மைதானே. அவன் போனதிலிருந்து அழுதார்கள், செபம் சொன்னார்கள், அவளைத் தேற்றினார்கள். அவனைப் பற்றி யார் என்ன சொன்னார்கள்?

பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அன்றைக்கே வீடு வீடாக ஏறத் தொடங்கினாள். "எம் புருசனப் பத்தி ஒண்ணு சொல்லுங்க." கேட்டவர்கள் திகைத்தார்கள். நல்ல பையன் என்றார்கள். யார் வம்புக்கும் போகமாட்டான் என்றார்கள். தங்கமான குணம் என்றார்கள். அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள், அதற்கடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள்.

"நல்ல பையன்னு நாய்க்குட்டியக்கூடத்தான் சொல்லலாம்" என்று கஸ்பார் வாஸ் வீட்டில் அவளுக்கு ஆங்காரம் வந்துவிட்டது. "அவரு மூஞ்சி ஞாபகத்துக்கு வருதமாதிரி ஒண்ணு சொல்லுங்க."

கஸ்பார் வாஸ் தலையைச் சொறிந்தார்.  ஊரில் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. "ஞாயித்துக்கெழமைக்குள்ள யோசிச்சு வைங்க. பெட்டி மேல மண்ணு போடுதவங்க ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்லணும். சொல்லாதவங்க மண்ணு போடக் கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். மண் போடாதவர்களுக்கு அந்த வீட்டு நல்லது கெட்டதில் இடம் கிடையாது என்பது ஊர் வழக்கம். அதனால் ஊரே மண்டையைப் பிய்த்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் கூடினார்கள். கல்லறைத் தோட்டம் கடலை ஒட்டித்தான் இருந்தது. குழியருகே நின்றால் அலை தெரியும். பேர்போன தங்கிரேதுகள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார்கள். ஜெரோம் சாமி முதலில் பேசினார். மறைந்த தங்கிரேது இந்தப் பங்கின் தூணாக விளங்கியவர், ஞாயிறு பூசைக்குத் தவறாதவர், இளைஞர்களுக்கு முன்மாதிரி என்றார். கடல் தன்பாட்டில் கிடந்தது.

"பொய்யி சாமி" என்றாள் எலிசம்மா, மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு. "கோயிலுக்கு வந்தா தூண்ல சாஞ்சு தூங்குவான். ஒரு நாளு கொறட்ட விட்டான், நான்தான் குடைக் கம்பால குத்துனேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் படைத்தலைவர் கையை நீட்டிக் கடலைக் காட்டினார். அலை உடைகிற இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தலை தெரிந்தது.

யாரும் அலறவில்லை. வள்ளம் ஒன்று சிக்கிக்கொண்டால் இந்தக் கரையில் அலறுவதில்லை. ஆளுக்கொரு கை கொடுத்து இழுப்பார்கள். அப்படித்தான் அடுத்த ஆள் வந்து மண்ணை அள்ளினார். "சிங்கி இறாலு பிடிக்கப் போவான், ஆனா நண்டக் கண்டா பயம், என்னையக் கூப்பிட்டுக் கழத்தச் சொல்லுவான்" என்றார். தலைக்குக் கீழே தோள் தெரிந்தது. "அவனுக்குச் சீட்டி அடிக்க வராது, வெறுங் காத்துதான் வரும்." "எங்க வீட்டு எலுமிச்ச ஊறுகாய் ஜாடிய ஒளிச்சு வச்சாலும் கண்டுபிடிச்சிருவான்." "சீட்டு வெளையாட்டுல கள்ளத்தனம் பண்ணுவான், பண்ணிட்டு அவனே சிரிச்சுக் காட்டிக் குடுத்துருவான்." "ஊர்ல உள்ள நாய் எல்லாத்தையும் மந்திரின்னுதான் கூப்பிடுவான், எல்லா நாயும் வரும்." "எம் மகளப் பொண்ணு கேட்டுட்டு, தெக்கிலாவப் பாத்ததும் இல்லைன்னுட்டான், நாசமாப் போறவன்." ஒவ்வொரு வார்த்தைக்கும் அவன் ஒரு எட்டு முன்னால் வந்தான். பேச்சு நின்றால் நின்றான். நெஞ்சளவு, வயிற்றளவு, இடுப்பளவு. தெக்கிலா அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டையேதான்.

பேர்போனவர்கள் பக்கத்தில் ஒரு விம்மல் கேட்டது. மேற்றிராணியார்தான் அழுதுகொண்டிருந்தார். தான் கட்டிய கோவிலைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள், தனக்கு நாய் என்றால் பயம் என்று இதுவரை ஒருவர் சொன்னதில்லை என்று பழைய சாமியாரிடம் சொல்லி அழுதார்.

அவன் இடுப்பளவுத் தண்ணீரில் வந்து நின்றபோது ஊரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. யோசித்து வைத்திருந்ததெல்லாம் சொல்லியாகிவிட்டது.  அலை அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்தது. தெக்கிலா தன்னிடம் இருந்ததையெல்லாம் சொன்னாள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பதைச் சொன்னாள், வயிற்றுப் பிள்ளையோடு பேச வெட்கப்பட்டுக்கொண்டு அவள் தூங்கிய பிறகு பேசியதைச் சொன்னாள், ஊருக்கு முன்னால் சொல்லக் கூடாததையும் சொன்னாள். அவன் முழங்கால் தண்ணீருக்கு வந்தான். அங்கே நின்றுவிட்டான்.

மண் போடாமல் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி.

"மாமா" என்றாள் தெக்கிலா.

சலமோன் மோத்தா பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அள்ளிய மண் கையிலேயே இருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

"மாமா, அலை இழுக்குது. நிமிந்து பாருங்க."

அவர் நிமிர்ந்தார். மகன் மடங்கிப்போன சட்டைக் காலரோடு, குளிரில் தோள் இரண்டையும் குறுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்தவனைப் போலத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். கிழவர் உடைந்துபோனார்.

"எம் முதுகுல ஏறிக்கிட்டுத்தான் நீஞ்சப் பழகுனான்" என்றார். "எறங்கச் சொன்னா எறங்க மாட்டான். களுத்தக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு, அப்பா விட்டுராத விட்டுராதம்பான். மூச்சு முட்டும் எனக்கு. மூச்சு முட்டுனாலும் நல்லாத்தான் இருக்கும்." கையில் இருந்த மண் விரலிடுக்கில் ஒழுகிப்போனது. "நான் விடலலே. நான் எங்கலே ஒன்ன விட்டேன்."

அவன் கரையேறிவிட்டான்.

மற்றவர்கள் எல்லாரும் உலர்ந்து வந்தார்கள். இவன் மட்டும் தலையோடு கால் நனைந்து வந்தான். கூட்டம் வழிவிட்டது. தெக்கிலாவின் முன்னால் வந்து நின்று, அவளையும் அவள் தோளில் கிடந்ததையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பொட்டப் பிள்ளையா?"

"ஆமா."

"எம் மூக்கு" என்று சந்தோசப்பட்டான். பிறகு ஓரத்தில் நின்ற கும்பலைக் கண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இவங்கள்ளாம் யாரு?"

"உம்ம பேர்காரங்க. பெரிய ஆளுக."

"என்னத்துக்கு வந்திருக்காவ?"

"உம்மக் கூட்டிட்டு வரத்தான்" என்றாள் தெக்கிலா. அது பொய்யும் இல்லை.

சேலைத் தலைப்பால் அவன் தலையைத் துவட்டினாள். துவட்டத் துவட்ட நனைந்தது. எலிசம்மா ஓடிப்போய்த் துண்டு கொண்டுவந்தாள், பக்கத்து வீட்டில் போர்வை கொடுத்தார்கள், மேற்றிராணியார் தன் மேலங்கியையே கழற்றிப் போர்த்திவிட்டார். எல்லாம் நனைந்தது. அவன் காலடியில் மணல் ஈரமாகிக் குழிந்துகொண்டே போனது, குளிரில் பல் கிட்டியபடி நின்றான். பிள்ளையை வாங்கக் கையை நீட்டினான், பிறகு தானே கையை இழுத்துக்கொண்டான். "வேண்டாம், சளி பிடிச்சிரும்" என்றான்.

அவன் அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறான் என்று தெக்கிலாவுக்குத் தெரியும். பதில் சொல்லாமல் இருந்துவிடலாம். சொல்லாதவரைக்கும் யாரும் போகமாட்டார்கள். ஊர் ஏசும், தண்ணீருக்கு அடித்துக்கொள்வார்கள், ஏசட்டும், அடித்துக்கொள்ளட்டும். இப்படியே வைத்துக்கொள்ளலாம், அடுப்புப் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு உட்காரவைத்து, விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் துவட்டிக்கொண்டே இருக்கலாம். அவளுக்கு அது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. ஆயுசு முழுக்கச் செய்வாள். ஆனால் நடுங்குகிறவன் அவன்.

"என்னையக் கூப்பிட்டது யாரு?" என்று கேட்டான்.

"பிள்ளைக்கு உம்ம பேர வைக்கப் போறேன்" என்றாள் அவள். "தருவியளா?"

"பொட்டப் பிள்ளைக்கா?"

கேட்டதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பல் கிட்டக் கிட்டச் சிரித்தான். "எனக்கே அது கொஞ்சம் பெருசாத்தான் இருந்துச்சு. வச்சிக்க. இவ நல்லா வளரட்டும்."

தெக்கிலா பிள்ளையை மாமனாரின் கையில் கொடுத்தாள். ஈரமான அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழக் கூடாது என்று நினைத்தாள், அழுதாள், அழுதுகொண்டே குரல் பிசகாமல் சொன்னாள்.

"உம்மத்தான் கூப்பிட்டேன். வேற யாரையும் இல்ல. உம்மத்தான்."

பேர்போனவர்கள் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள். போகிற வழியில் ஊர்க்காரர்கள் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பினார்கள். குழம்பைக் குடிச்சிட்டு அழுதீரே என்று சமையல்காரரிடம் சொன்னார்கள், நாய் வந்தா எம் பின்னாடி ஒளிஞ்சியளே என்று மேற்றிராணியாரிடம் சொன்னார்கள், ஏத்தத்துல எறங்கித் தள்ளுனத யார்ட்டயும் சொல்லமாட்டேன் என்று எலிசம்மா சைக்கிள்காரரிடம் சொன்னாள். அவர்கள் அதையெல்லாம் பெரிய விருது வாங்கியவர்களைப் போல வாங்கிக்கொண்டு வரிசையாகத் தண்ணீரில் இறங்கினார்கள். தங்கிரேது கடைசியாக இறங்கினான். தண்ணீருக்குள் போனதும் அவன் தோள் நடுக்கம் நின்றுபோனதைத் தெக்கிலா பார்த்தாள். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான், சீட்டி அடிக்க வாயைக் குவித்தான், வெறும் காற்றுதான் வந்திருக்க வேண்டும். அலை மூடிக்கொண்டது.

 ஜெரோம் சாமிதான் முதலில், கரைக்கு வந்துவிட்டுப் போனவனின் பெயர் கடலுக்குச் சொந்தமா வீட்டுக்குச் சொந்தமா என்று மெதுவாகக் கேட்டார். கமிட்டியார் கஸ்பார் வாஸைப் பார்த்தார்கள், கஸ்பார் வாஸ் சலமோன் மோத்தாவைப் பார்த்தார்.

கிழவர் யாரையும் பார்க்கவில்லை. கையில் இருந்த பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவரைப் பார்க்காமல், வானத்தில் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டு கிடந்தது. பேத்தியோடு போய் முழங்கால் தண்ணீரில் நின்றார். 

"மோத்தா வீட்டுத் தங்கிரேது மவ தங்கிரேதே!" என்று ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டார்.

கடலிலிருந்து யாரும் வரவில்லை. பிள்ளைதான் திரும்பிப் பார்த்தது.